ஒரு ஏரிக்கு தண்ணிக் கணக்கு போடுவது எப்படி: சிவில் படிக்கறவங்களுக்கு ஹைட்ராலஜி முழு வழிகாட்டி

நீர் சுழற்சிய வரைங்கன்னு சொன்னா கடல், மேகம், மழை, ஆறு, நடுவுல அம்புக்குறின்னு எல்லாரும் அழகா வரைஞ்சுடுவாங்க. அதே பசங்கள ஊர் ஏரிக்கரைல நிக்க வச்சு, இந்த மழைக்கு இதுக்குள்ள எவ்ளோ தண்ணி வந்துச்சு, வந்தது எங்க போச்சுன்னு கேட்டா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாம நிக்கறாங்க. ஒரு ஏரிக்கு ரெண்டு பருவம் நான் கணக்கு வச்சிருக்கேன், அப்புறம் புதுசா செய்யற பல குழுக்களோட கூடவே இருந்து பாத்திருக்கேன், தடுக்கி விழற இடம் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஃபார்முலா தெரியாததால யாரும் தப்பு பண்றதில்ல, வரிசை மாத்தி செய்யறதாலதான் தப்பு வருது.

இதுக்கு தேவையான சமன்பாடு ஒண்ணே ஒண்ணுதான்: வந்தது கழித்தல் போனது, அதுதான் இருப்புல ஏற்பட்ட மாற்றம். படத்துல பாத்த ஒவ்வொரு அம்புக்குறியும் இங்க எக்செல்ல ஒரு நெடுவரிசை ஆயிடும். கீழ வர்ற ஏரியும் அதோட எண்களும் கணக்கு புரியறதுக்காக நான் வச்சுக்கிட்டது, உங்க ஏரிக்கு உங்க எண்ண போட்டுக்கோங்க.

## 1. மழைக்கு முன்னாடியே முடிக்க வேண்டியது

வடகிழக்குப் பருவமழைய வச்சு கணக்கு போடப்போறீங்கன்னா வேலை மே, ஜூன்லயே ஆரம்பிக்கணும். காரணம் சிம்பிள், ஏரி காஞ்சு கிடக்கும்போதுதான் அடியில நடந்துபோய் ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கற கருவி) வச்சு மட்டம் எடுக்க முடியும். நிறைய குழு டிசம்பர்ல ப்ராஜெக்ட் தலைப்ப முடிவு பண்ணிட்டு வந்து நிக்கறாங்க, அப்ப ஏரி நிரம்பி இருக்கும், அடிமட்டம் தெரியாது, கடைசில ஏதோ பழைய ரெக்கார்டுல இருக்கற கொள்ளளவ அப்படியே எடுத்துப் போட்டுடறாங்க, நடுவுல எத்தன வருஷ வண்டல் சேர்ந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?

கையில இருக்க வேண்டியது: சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 டோபோ ஷீட் (நில உயரம் காட்டற வரைபடம்), க்யூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) போட்ட ஒரு லேப்டாப், கிட்டத்துல இருக்கற மழைமானி நிலையங்களோட தினசரி அளவு, ஏரிக்குள்ள மதகுகிட்ட நீர்மட்டம் பாக்க ஒரு அளவுகோல், அதாவது கேஜ் (இல்லன்னா நீங்களே பெயின்ட் அடிச்சு ஒண்ணு நட்டுடுங்க), அப்புறம் தினமும் காலைல போய் அத பாக்கறதுக்கு ஊர்ல ஒரு ஆள். இந்தக் கடைசி ஐட்டம்தான் ரொம்ப முக்கியம். மடை திறக்கறவர்கிட்ட முதல் நாளே போய் பேசிப் பழகிடுங்க, எந்த மதகு என்னைக்குத் திறந்துச்சுங்கறது அவருக்கு மட்டும்தான் சரியா தெரியும்.

## 2. எல்லைய முதல்ல வரையுங்க

எல்லை இல்லாம எது வரத்து, எது போக்குன்னு சொல்லவே முடியாது. இங்க ரெண்டு எல்லை தேவைப்படும். ஒண்ணு ஏரியோட நீர்ப்பரப்பு, இதுக்குத்தான் கணக்க மூடப்போறோம். இன்னொண்ணு நீர்ப்பிடிப்புப் பகுதி, ஏரிக்கு ஓடிவர்ற தண்ணி எங்கேருந்து வருதுன்னு சொல்றது.

நீர்ப்பிடிப்ப க்யூஜிஐஎஸ்ல ஒரு பட்டன அமுக்கி வரைஞ்சுட்டு அதோட நிறுத்திடாதீங்க. சமவெளில நிலம் ரெண்டு கிலோமீட்டருக்கு சில மீட்டர்தான் சரியும், சாட்டிலைட் உயர மாடல்ல இருக்கற பிழையே சில மீட்டர் இருக்கும், டோபோ ஷீட்ல கான்டூர் (சம உயரக் கோடு) இடைவெளியே 20 மீட்டர். அதனால மேட்டுக்கோட்டுல ஒரு தடவ நடந்தே ஆகணும். ரோடு, ரயில்வே லைன், புது லேஅவுட்டுக்கு போட்ட மண்மேடு எல்லாம் தண்ணிய வேற பக்கம் திருப்பி விட்டிருக்கும். எல்லா கல்வெர்ட்டுலயும் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்ன பாலம்) குனிஞ்சு எந்தப் பக்கம் ஓடியிருக்குன்னு பாருங்க, அடியில படிஞ்சிருக்கற மணலே சொல்லிடும்.

நம்ம ஊர்ல இன்னொரு விஷயம் இருக்கு. ஏரிகள் சங்கிலி மாதிரி, மேல இருக்கற ஏரியோட கலங்கல்ல (நிரம்பினா உபரித் தண்ணி வழியற சுவர்) வழியற தண்ணி கீழ் ஏரிக்கு வரும். மேல் ஏரியோட நீர்ப்பிடிப்பையும் சேர்த்து ஒரே பரப்பா போட்டுட்டா, மேல் ஏரி நிரம்பறதுக்கு முன்னாடியே அந்தத் தண்ணியெல்லாம் உங்க ஏரிக்கு வந்துட்ட மாதிரி கணக்கு காட்டும். தனி நீர்ப்பிடிப்பு வேற, மேல் ஏரி வழிஞ்சப்புறம் சேர்ற கூட்டு நீர்ப்பிடிப்பு வேற, ரெண்டையும் பிரிச்சே வைங்க.

நம்ம உதாரண ஏரிக்கு மேல வேற ஏரி இல்லன்னு வச்சுக்குவோம். தனி நீர்ப்பிடிப்பு 6 சதுர கி.மீ., நிரம்பினா நீர்ப்பரப்பு 50 ஹெக்டேர்.

## 3. காலத்த பூட்டுங்க

எந்த நாள் எந்த மணிலேருந்து எந்த நாள் எந்த மணி வரைக்கும்? இத எழுதி வச்சுட்டுத்தான் அடுத்த வேலை. நான் எடுத்துக்கறது அக்டோபர் 1 காலை 8.30லேருந்து ஜனவரி 1 காலை 8.30 வரைக்கும், 92 நாள்.

ஏன் 8.30னா இந்திய வானிலைத் துறை மழைய அளக்கறது அந்த நேரத்துலதான். ஒரு தேதிக்கு எதிர்ல இருக்கற எண், முந்தின நாள் 8.30லேருந்து அன்னைக்கு 8.30 வரைக்கும் பெஞ்சது. 2015 வெள்ளத்தப்ப தாம்பரத்துல பதிவான 49 செ.மீ. டிசம்பர் 2ஆம் தேதி கணக்குல நிக்குது, ஆனா அந்த மழையில பெரும்பகுதி கொட்டினது டிசம்பர் 1. இது தெரியாம கேஜ சாயங்காலம் 6 மணிக்கு படிச்சுட்டு வந்தா, ஏரி ஏறினதுக்கு அப்புறம் மழை பெஞ்ச மாதிரி ஒரு வரைபடம் கிடைக்கும், பாத்துட்டு ராத்திரி பூரா குழம்புவீங்க. கேஜையும் 8.30க்கே படிங்க.

## 4. யூனிட்ட ஒரு தடவ மாத்தி ஒட்டி வைங்க

மழை மி.மீ.ல வரும், பரப்பு ஹெக்டேர்லயோ ஏக்கர்லயோ, ஏரி ரெக்கார்டு மில்லியன் கன அடில, மதகு ஓட்டம் விநாடிக்கு இத்தன கன அடிங்கற கணக்குல. எல்லாத்தையும் கன மீட்டருக்கு கொண்டு வந்துடுங்க. மனப்பாடமா இருக்க வேண்டியது இதான்:

- 1 சதுர கி.மீ. மேல 1 மி.மீ. தண்ணி = 1,000 கன மீட்டர்
- 1 மில்லியன் கன அடி = 28,317 கன மீட்டர், 1 டி.எம்.சி. அதுல ஆயிரம் மடங்கு
- விநாடிக்கு 1 கன அடி (1 கியூசெக்) ஒரு நாள் பூரா ஓடினா 2,447 கன மீட்டர்

டி.எம்.சி. கொள்ளளவு, கியூசெக் விநாடிக்கு ஓடற அளவு. ரெண்டையும் ஒண்ணா கூட்டின பசங்கள நான் பாத்திருக்கேன். ஒரு அணைக்கு 11,574 கியூசெக் ஒரு நாள் முழுக்க வந்தாத்தான் 1 டி.எம்.சி. ஏறும், இத வச்சு செய்தில வர்ற எண்களையே தினமும் சரிபாத்துப் பழகலாம்.

## 5. மழை

நிலையத்து அளவ வாங்கினதும் கூட்டாதீங்க, முதல்ல காலியா இருக்கற கட்டங்கள தேடுங்க. காலி கட்டம்னா மழை இல்லன்னு அர்த்தம் கிடையாது, அன்னைக்கு அளக்கலன்னு அர்த்தம். எக்செல் ரெண்டையும் பூஜ்யமாத்தான் கூட்டும். அடைமழை அன்னைக்கு ஆள் போக முடியாம விட்டுப்போன ஒரே நாள் 120 மி.மீ.யா இருந்தா உங்க மொத்த பருவமும் அங்கயே ஓட்டை. பக்கத்து நிலையங்கள வச்சு நிரப்புங்க, நிரப்பின கட்டத்துக்கு வேற கலர் கொடுங்க.

சொந்தமா மழைமானி வைக்கறீங்கன்னா மரமோ கட்டடமோ எவ்ளோ உயரமோ அதுல ரெண்டு மடங்கு தூரமாவது தள்ளி, திறந்த தரைல வைங்க. மொட்டை மாடி வேண்டாம், காத்து துளிய தள்ளிட்டு போயிடும், அளவு குறையும். அளவுக்குவளை அந்த மழைமானி கூடவே வந்ததான்னு பாருங்க, 200 சதுர செ.மீ. வாய் இருக்கற மானில 100 சதுர செ.மீ. மானியோட குவளைய போட்டு அளந்தா மழை ரெண்டு மடங்கா தெரியும்.

ரெண்டு மூணு நிலையம் இருந்தா தீசன் பலகோணம் (எந்த இடத்துக்கு எந்த நிலையம் கிட்டன்னு பரப்ப பிரிக்கற முறை) போட்டு பரப்புக்குத் தகுந்த எடை கொடுங்க. நீர்ப்பிடிப்புக்கு வெளிய இருக்கற நிலையத்துக்கும் பங்கு வரலாம், எல்லைக்கு வெளிய இருக்குன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. உதாரணத்துல பருவ மழை 600 மி.மீ., ஏரி மேல நேரா விழுந்ததுக்கு சராசரி நீர்ப்பரப்பு 0.4 சதுர கி.மீ. எடுத்தா 2,40,000 கன மீட்டர். இத மறந்துடறவங்க பாதிக்கு மேல, ஏரியே ஒரு பெரிய மழைமானிங்கறது ஏனோ தோணறதில்ல.

## 6. ஓட்டம்: இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறது

நீர்ப்பிடிப்புல விழுந்ததுல எவ்ளோ ஓடி வந்துச்சு? வரத்துக்கால்ல நேரா அளக்க முடிஞ்சா அதுதான் நல்லது. முடியலன்னா கர்வ் நம்பர் முறை, சுருக்கமா சி.என்., மண் வகையையும் நிலப் பயன்பாட்டையும் வச்சு அட்டவணைல எடுக்கற எண், பெருசா இருந்தா தண்ணி அதிகமா ஓடும். முதல்ல எஸ் = 25400 ÷ சி.என். − 254, இது மண் எவ்ளோ மி.மீ. வரைக்கும் பிடிச்சு வச்சுக்கும்னு சொல்ற எண். அப்புறம் நம்ம மண்ணுக்கு (கரிசல்ல சாதாரண, ஊறின நிலைகள் தவிர) வழக்கமா போடறது:

ஓட்டம் = (மழை − 0.3 எஸ்)² ÷ (மழை + 0.7 எஸ்)

இதுல நாலு தப்பு திரும்பத் திரும்ப வருது, நாலையும் கொஞ்சம் நிதானமா பாத்துடலாம்.

பருவ மழைய மொத்தமா போடறது. சி.என். 80ன்னா எஸ் 63.5. ஒரே நாள்ல 100 மி.மீ. பெஞ்சா ஓட்டம் 45 மி.மீ. அதே 100 மி.மீ. நாளைக்கு 20 வீதம் இடைவெளி விட்டு அஞ்சு நாள்ல பெஞ்சா, ஒவ்வொரு நாளும் 19 மி.மீ. வரைக்கும் ஆரம்ப இழப்புலயே (அதான் 0.3 எஸ்) போயிடும், மொத்த ஓட்டம் 0.1 மி.மீ. கூட வராது. இப்ப 600 மி.மீ.ய ஒரே எண்ணா போட்டுப் பாருங்க, 524 மி.மீ. ஓடினதா காட்டும், அவ்ளோ வந்திருந்தா கரையே நின்னிருக்காது. ஒவ்வொரு நாளா போட்டு கடைசில கூட்டணும்.

சின்ன மழை நாள்ல கழித்தல் குறிய கவனிக்காதது. 5 மி.மீ. மழைக்கு அடைப்புக்குறிக்குள்ள −14 வரும், வர்க்கம் எடுத்ததும் அது கூட்டல் ஆயிடும், 5 மி.மீ. மழைக்கு 4 மி.மீ. ஓட்டம்னு எக்செல் சொல்லும். மழை 0.3 எஸ்ஸ விட குறைச்சலா இருந்தா ஓட்டம் பூஜ்யம்னு ஒரு நிபந்தனை எழுதியே ஆகணும். தூறல் நாள் நிறைய இருக்கற வருஷத்துல இது ஒண்ணே கணக்க கவுத்துடும், பாக்கறதுக்கு எண் நியாயமா தெரியறதால யாரும் பிடிக்கவும் மாட்டாங்க.

மண்ணோட ஈரத்த விட்டுடறது. முந்தின அஞ்சு நாள் மழைய கூட்டுங்க. பயிர் இருக்கற காலத்துல அது 36 மி.மீ.க்கு கீழன்னா மண் வறண்டது, 53க்கு மேலன்னா ஊறினது, நடுவுல சாதாரணம். சாதாரணத்துல 80ஆ இருக்கற சி.என். வறண்டப்ப சுமார் 64, ஊறினப்ப 90. அதே 100 மி.மீ. மழைக்கு ஓட்டம் முறையே 16, 45, 70 மி.மீ. அக்டோபர்ல முதல் மழை எவ்ளோ கொட்டினாலும் ஏரிக்கு ஒண்ணும் வரல, நவம்பர் கடைசில ஒரு ராத்திரி மழைல கலங்கல் போயிடுச்சுன்னு ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்களே, அதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு இதுதான். இந்த மூணு எண்ண கையால ஒரு தடவ போட்டுப் பாத்தவங்களுக்கு நீர் சுழற்சி அப்புறம் மறக்காது.

சி.என். சராசரி எடுக்கறது. பாதி நிலம் 60, பாதி 90ன்னா 75ன்னு போடறாங்க. 50 மி.மீ. மழைக்கு 75 கொடுக்கற ஓட்டம் 5.5 மி.மீ. தனித்தனியா போட்டா 60ல பூஜ்யம், 90ல 24.7, பரப்புக்கு சராசரி 12.4. ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். சி.என்.ன கூட்டி வகுக்காதீங்க, ஓட்டத்த கூட்டி வகுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஓட்டம் கண்டுபிடிச்சப்புறம் நீர்ப்பிடிப்புல மரம் செடி உறிஞ்சினதுன்னு இன்னொரு தடவ கழிக்காதீங்க. அது ஏற்கனவே ஓடாம நின்ன மழைக்குள்ள இருக்கு. படத்துல தனி அம்புக்குறியா இருக்கேன்னு பாத்து ரெண்டாவது தடவ கழிக்கறாங்க.

அப்புறம் ரைவ்ஸ் ஃபார்முலாவோ ரேஷனல் முறையோ இங்க வேலைக்கு ஆகாது. அது ரெண்டும் உச்ச வெள்ளத்துக்கு, கலங்கல் எவ்ளோ நீளம் வேணும்னு டிசைன் பண்றதுக்கு. பருவத்துல எவ்ளோ தண்ணி வந்துச்சுங்கற கேள்விக்கு அதுகிட்ட பதில் இல்ல.

நாள் நாளா கூட்டி நம்ம உதாரணத்துல ஓட்டம் 130 மி.மீ. வந்துச்சுன்னு வைங்க. 6 சதுர கி.மீ.க்கு 7,80,000 கன மீட்டர்.

## 7. ஆவியானது

தட்டு ஆவிமானி (தட்டுல வச்ச தண்ணி எவ்ளோ ஆவியாகுதுன்னு அளக்கற கருவி) அளவ அப்படியே ஏரிக்கு போடக்கூடாது, சின்ன தட்டு சீக்கிரம் சூடாகும், அதனால கூடுதலா காட்டும். கிளாஸ் ஏ தட்டுக்கு 0.7, ஐ.எஸ்.ஐ. தட்டுக்கு 0.8 ஆல பெருக்கறது வழக்கம், நிலையத்துல இருக்கறது எதுன்னு கேட்டுக்கோங்க. கனமழைல தட்டே வழிஞ்சிருக்கும், அந்த நாள் அளவ நம்பாதீங்க. கிளாஸ் ஏ தட்டுல நாளைக்கு 3.5 மி.மீ.ன்னா ஏரிக்கு 2.45, 92 நாளைக்கு 225 மி.மீ., நீர்ப்பரப்பு 0.4 சதுர கி.மீ.க்கு 90,000 கன மீட்டர்.

## 8. இருப்பு

மே மாசம் எடுத்த மட்டங்கள வச்சு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நீர்ப்பரப்பு, கொள்ளளவு ரெண்டுக்கும் ஒரு வளைகோடு போடுங்க. ஏரி பெட்டி இல்ல. அடி ஒரே சீரா கரைய நோக்கி சரிஞ்சிருந்தா பாதி ஆழத்துல கால்வாசி கொள்ளளவுதான் இருக்கும், பக்கவாட்டுலயும் சரிவு இருந்தா எட்டுல ஒரு பங்கு. கேஜ் பாதி காட்டுது, அதனால பாதி ஏரின்னு எழுதினா அடுத்து வர்ற எதுவும் ஒட்டாது.

உதாரணத்துல ஆரம்ப இருப்பு 1,00,000, கடைசில 6,50,000. ஏறினது 5,50,000 கன மீட்டர்.

## 9. மதகும் கலங்கலும்

மதகு வாய்க்கால்ல நேரான ஒரு இடமா பாத்து குறுக்குவெட்ட அளந்துட்டு, மிதக்கற பொருள் விட்டு நேரம் பாருங்க. மேல்பரப்பு வேகத்த 0.85 ஆல பெருக்கணும், அடியும் ஓரமும் மெதுவாத்தான் ஓடும். விநாடிக்கு 0.1 கன மீட்டர், 15 நாள் திறந்திருந்தா சுமார் 1,30,000.

கலங்கலுக்கு, அகலமான முகடுன்னா, 1.7 × நீளம் × முகட்டுக்கு மேல நிக்கற தண்ணி உயரத்தோட 1.5 அடுக்கு (மீட்டர்ல போட்டா விநாடிக்கு கன மீட்டர் வரும்). உயரத்த முகட்டு மேலயே அளக்காதீங்க, அங்க தண்ணி ஏற்கனவே சரிஞ்சிருக்கும், கொஞ்சம் உள்ள தள்ளி ஏரிப் பக்கம் அளங்க. 10 செ.மீ.க்கு பதிலா 15 செ.மீ.ன்னு படிச்சா வெளியேற்றம் 1.8 மடங்கு ஆயிடும். 10 மீட்டர் நீள கலங்கல்ல 10 செ.மீ. உயரத்துல ரெண்டு நாள் வழிஞ்சா 93,000 கன மீட்டர். ராத்திரி உயரம் யாருக்கும் தெரியாது, அதனால கலங்கல் சுவர்ல சுண்ணாம்பு பூசி விடுங்க, காலைல போனா தண்ணி ஏறின கோடு நிக்கும்.

## 10. கணக்க மூடுங்க, மீதிய சரியா படிங்க

வரத்து: 2,40,000 + 7,80,000 = 10,20,000.
போக்கு: 90,000 + 1,30,000 + 93,000 = 3,13,000.
இருப்பு ஏறினது: 5,50,000.
மீதி: 1,57,000 கன மீட்டர்.

இந்த இடத்துல எல்லாரும் "கசிவு = 1,57,000"ன்னு எழுதி கோடு போட்டுடறாங்க. அது கசிவு மட்டும் இல்ல, கசிவும் இதுவரைக்கும் பண்ண எல்லா பிழையும் சேர்ந்தது. ஓட்டத்துல வெறும் 10 சதவீதம் தப்புன்னாலே 78,000, மீதில பாதி. சி.என்.ல ரெண்டு மூணு புள்ளி இப்படி அப்படி போனாலே அவ்ளோ வந்துடும்.

அதனால சரிபார்க்க தனியா ஒரு வழி வேணும். மழையே இல்லாத, மதகு மூடின, கலங்கல் போகாத ஒரு பத்து நாள் ஜனவரிலயோ பிப்ரவரிலயோ கிடைக்கும். அப்ப கேஜ் நாளைக்கு எவ்ளோ இறங்குதுன்னு பாத்து, ஆவியானத கழிச்சா மிச்சம் கசிவு. இங்க மழை, ஓட்டம்ங்கற ரெண்டு பெரிய பிழையும் கிடையாது. நம்ம மீதிய 0.4 சதுர கி.மீ.க்கும் 92 நாளைக்கும் வகுத்தா நாளைக்கு 4.3 மி.மீ. வரும். வறண்ட பத்து நாள்ல 4 கிட்ட வந்தா கணக்கு நிக்குது. 1.5தான் வந்துச்சுன்னா கசிவு 55,000தான், மிச்சம் ஒரு லட்சம் கன மீட்டர் ஓட்டத்த கூட்டிப் போட்டிருக்கீங்க, இல்ல ராத்திரி கலங்கல விட்டிருக்கீங்க.

கசிவ கிணத்துலேருந்து பாக்கறேன்னு போறவங்களுக்கு ஒண்ணு. கிணத்துல 2 மீட்டர் ஏறினா 2 மீட்டர் தண்ணி சேர்ந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, பாறை சிதைஞ்ச மண்ணு தன்னோட மொத்த கன அளவுல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் தண்ணி கொடுக்கும், அப்ப அது 20லேருந்து 40 மி.மீ. தண்ணி.

மீதி கழித்தல்ல வந்துச்சுன்னா, அதாவது போனதும் இருப்புல ஏறினதும் சேர்ந்து வந்தத விட அதிகம்னா, சி.என்.ன மாத்தி சரிக்கட்டாதீங்க. முதல்ல மேல் ஏரி வழிஞ்சுதான்னு போய் கேளுங்க, ரெண்டாவது மழைப் பட்டியல்ல காலி கட்டம், மூணாவது கல்வெர்ட் எல்லை, நாலாவது கொள்ளளவு வளைகோடு. இந்த நாலும் சரியா இருந்தாத்தான் சி.என். மேல கை வைக்கணும்.